நன்றி: நாதமொழி

நோட்டீஸ் வந்த அன்று ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து உற்சவத்தின் மூன்றாம் நாள். அம்மா மண்டபம் ரோட்டில் வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். கூரியர்காரர் எங்கோ பைக்கை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஹ்ருஷிகேஷ் உறையைப் பிரிக்காமலே மேஜையில் வைத்தார். உற்சவ மலருக்கு அச்சகத்திலிருந்து வரவேண்டிய ப்ரூஃப் என்று நினைத்துவிட்டார். எது வந்தாலும் தனக்கு வேண்டியதுதான் வந்திருக்கிறது என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு.

பிரித்துப் பார்த்தது அவர் மனைவி மாலினி.

"ஏன்னா, இதென்ன வக்கீல் நோட்டீஸ்? உங்க பேருக்குன்னா வந்திருக்கு!"

ஆறு பக்கம், நல்ல இங்கிலீஷ். விஷயம் இவ்வளவுதான். ஹ்ருஷிகேஷ் நடத்திவரும் 'செவிவழி' என்ற இலவச மென்பொருளுக்குள், நாதமொழி என்ற சென்னைக் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு கோப்பு இருக்கிறது. ஏழு வருஷமாக அது அனுமதியில்லாமல் ஊருக்கெல்லாம் விநியோகிக்கப்பட்டிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும், நஷ்ட ஈடு தரவேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்க்கலாம்.

அவர் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். செவிவழி இருந்த இணையப் பக்கத்தைக் காணோம். அந்தத் தளத்தாருக்கும் இதே புகார் போயிருக்கிறது. சட்டப் புகாரின் பேரில் முடக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஏழு வருஷ உழைப்புக்கு ஒரு வரி.

கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் தமிழைப் பார்வையில்லாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதுதான் செவிவழியின் வேலை. கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கும் ஹ்ருஷிகேஷ் 2017இல், சும்மா இருக்க மாட்டாமல் அதை ஆரம்பித்தார். கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். 'இதில் உள்ள அனைத்தும் அனைவருக்கும்' என்று உரிமத்தின் முதல் வரியை அவரே தமிழில் எழுதிவைத்திருந்தார். அந்த 'அனைத்தும்' என்ற வார்த்தைதான் பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

ஆரம்பத்தில் செவிவழியின் குரல் காதில் விழுந்தால் சகிக்காது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ எழுத்துக் கூட்டுவது போலிருக்கும். அந்த வருஷம் திருச்சியில் நடந்த ஒரு பயிலரங்குக்கு நாதமொழியின் முதலாளி வந்திருந்தார். நல்ல மனிதர். ஆளுக்கொரு குறுந்தகடு கொடுத்தார். "பயன்படுத்திப் பாருங்க சார், தமிழுக்குத்தானே" என்றார். அதிலிருந்த உச்சரிப்புக் கோப்பைச் செவிவழியில் சேர்த்ததும் குரல் மனுஷக் குரலாகிவிட்டது. தகட்டின் உறையில் பொடி எழுத்தில், மதிப்பீட்டுக்கு மட்டும், பிறருக்கு வழங்கக் கூடாது என்று போட்டிருந்தது. ஹ்ருஷிகேஷ் அதைப் படித்தார். படிக்கவில்லை என்று அவர் பின்னாளில் யாரிடமும் சாதிக்கவில்லை. படித்துவிட்டு, செய்யவேண்டியதைச் செய்தும்விட்டார் என்பதுதான் அவர் எண்ணம். செவிவழியின் முகப்பில், தன் பெயருக்கு மேலே, கொட்டை எழுத்தில், 'நன்றி: நாதமொழி, சென்னை' என்று போட்டார்.

இது அவராகக் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. இருபது வருஷமாக அவர் ஒரு சபைக்கு உற்சவ மலர் பக்கம் அமைத்துக் கொடுக்கிறார். எங்கிருந்தோ ஒரு கட்டுரை எடுப்பார்கள், எங்கிருந்தோ ஒரு பெருமாள் படம் எடுப்பார்கள், கீழே 'நன்றி' போட்டு எடுத்த இடத்தின் பெயரைப் போடுவார்கள். யாரும் யாரையும் கேட்டது கிடையாது. பறிகொடுத்தவர்களும் தங்கள் பெயரை அச்சில் பார்த்துவிட்டு, சந்தோஷமாக இரண்டு பிரதி கேட்டு வாங்கிப்போவார்கள். நன்றி போட்டாயிற்று என்றால் கேட்டாயிற்று என்றுதான் அர்த்தம். தமிழில் அச்சுப் போடுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த மரியாதை இது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

2019இல் அமலராணி வந்து சேர்ந்தாள். மணப்பாறைப் பக்கத்துப் பெண், பிறவியிலேயே பார்வை கிடையாது. தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். மேலப்புதூரில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அவள் முதல் தடவை ஹ்ருஷிகேஷுக்குப் போன் செய்ததே சண்டை போடத்தான்.

"சார், உங்க செவிவழி எங்க டாக்டர் பாலு பேரைப் பால் பாக்கெட்டுக்குச் சொல்ற 'பா' போட்டுப் படிக்குதுங்க. த/பெ ன்னு வந்தா 'த சாய்கோடு பெ'ங்குது. பத்தரை மணி ஓபியை 'பத்து புள்ளி மூணு பூஜ்யம்'ங்குது. நாளெல்லாம் காதுல இதைக் கேட்டுக்கிட்டு மனுஷி எப்படிங்க வேலை பார்க்கிறது?"

"நீயே திருத்திக் கொடேன்மா" என்றார் அவர், விளையாட்டாக.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் விடுதிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரம் காதில் இடறிய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த எழுத்து எந்த ஒலியில் வரவேண்டும் என்று எழுதுவாள். ஊர்ப் பெயர்கள், மருந்துப் பெயர்கள், வடக்கத்தி டாக்டர்களின் பெயர்கள், பஸ் ஸ்டாப்புகள். திருவெறும்பூரையும் மண்ணச்சநல்லூரையும் செவிவழி ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தது அவளால்தான்.

தளத்தில் தனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கப் பார்த்தாள். முடியவில்லை. நீ மனிதர்தானா என்று நிரூபிக்க, காட்டுகிற படங்களில் எதிலெல்லாம் டிராஃபிக் சிக்னல் இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னது. கண் தெரியாதவளிடம்! நாலு தடவை முயன்றுவிட்டு அவருக்குப் போன் செய்தாள்.

"என் அக்கவுண்ட்லயே போட்டுடும்மா. நமக்குள்ள என்ன" என்று ஹ்ருஷிகேஷ் தன் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டார்.

அப்படியே ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. குரல் எந்தக் கோப்பைப் பார்த்து உச்சரிக்கிறதோ அந்தக் கோப்பிலேயே, அதாவது நாதமொழியின் கோப்பிலேயே, சொற்கள் போய்ச் சேர்ந்தன. பதினோராயிரத்துச் சொச்சம் சொற்கள். எந்தத் தேதியில் எந்தச் சொல்லை யார் சேர்த்தது என்று தளம் கணக்கு வைத்திருக்கும். அத்தனைக்கும் நேரே ஹ்ருஷிகேஷ் என்ற ஒரே பெயர்தான் இருந்தது.

மாலினி ஒருமுறை கேட்டாள்: "அந்தப் பொண்ணு பேரையும் நன்றியில போடலாமோன்னோ?"

"நன்னாருக்கே! அவ நம்மாத்துப் பொண்ணு மாதிரி. ஆத்து மனுஷாளுக்கு யாராவது நன்றி சொல்லுவாளா?"

அமலராணியும் அப்படித்தான் இருந்தாள். விடுதிக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனபோது அவர் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "கொண்டாங்க சார், சார்ஜர் இருக்குல்ல?" என்று வாங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நன்றி என்ற சொல் இருவருக்கும் நடுவில் வந்ததே கிடையாது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

கன்டோன்மென்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீல் அப்துல் சுக்கூர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். பிறகு செவிவழியின் முகப்பைக் காட்டச் சொன்னார். ஹ்ருஷிகேஷ் தன் லேப்டாப்பிலிருந்த பிரதியைத் திறந்து, கொஞ்சம் தெம்பாகவே நன்றி வரியைக் காட்டினார்.

"பாருங்க சார், நான் மறைக்கவே இல்லை. எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டிருக்கேன்."

சுக்கூர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதைவிட நல்ல சாட்சி அவங்களுக்கு வேற கிடைக்காதுங்க. உங்களுது இல்லைன்னு தெரிஞ்சேதான் குடுத்திருக்கீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்ல வழியே இல்லாம பண்ணிட்டீங்களே."

"அவர் பயன்படுத்திக்கச் சொன்னாரே சார்!"

"உங்களைப் பயன்படுத்தச் சொன்னார். ஊருக்கெல்லாம் குடுக்கச் சொன்னாரா?"

அந்த நல்ல மனிதர் இப்போது நாதமொழியிலேயே இல்லை. கம்பெனியை ஹைதராபாத்காரர்களுக்கு விற்றுவிட்டு மகனோடு ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. புதிதாக வாங்கியவர்களுக்குக் கோபம் வந்ததற்கும் காரணம் இருந்தது. டில்லிப் பக்கத்துக் கைபேசிக் கம்பெனி ஒன்று நாதமொழியின் தமிழ்க் குரலை விலைக்கு வாங்குவதாக இருந்தது. கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. அதே குரல் செவிவழிக்குள் இலவசமாகக் கிடைக்கிறது, இதில் உள்ள அனைத்தும் அனைவருக்கும் என்று உரிமமும் சொல்கிறது, அப்புறம் எதற்குக் காசு என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தான் கொடுத்தது என்ன என்பது ஹ்ருஷிகேஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சமாதானமா முடிச்சிக்கலாம்" என்றார் சுக்கூர். "அந்தக் கோப்பை எடுத்துட்டா மிச்ச செவிவழி உங்களுதுதான். பழைய குரலோட ஓட்டிக்கலாம். சரி, அந்தக் கோப்புக்குள்ள இத்தனை திருத்தம் இருக்கே, பதினோராயிரம், அது யார் செஞ்சது?"

ஹ்ருஷிகேஷ் அமலராணியைப் பற்றிச் சொன்னார்.

சுக்கூர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது முக்கியம்ங்க. அந்தச் சொல்லெல்லாம் அந்தப் பொண்ணு சொந்தமா உட்கார்ந்து எழுதினதுன்னு காட்ட முடிஞ்சா, அதைத் தனியா பிரிச்சுக் குடுங்கன்னு கேட்கலாம். கோப்பு அவங்களுது, சொல்லு இவளோடதுன்னு வாதாடலாம். ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"இருக்காது சார். எல்லாம் என் பேர்லதான் இருக்கு."

"அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாருங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன், பேரைச் சொன்னா அவளையும் எதிர்மனுதாரரா சேர்த்தாலும் சேர்ப்பாங்க. வேலை பார்க்கிற இடத்துக்குத் தெரிய வரலாம். ரெண்டையும் அவகிட்ட சொல்லுங்க. முடிவை அவ சொல்லட்டும்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஹ்ருஷிகேஷ் படி இறங்கினார். நேரே தில்லைநகருக்கும் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மருத்துவமனை வரவேற்பு மேஜையில் அமலராணி ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் டெலிபோனுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் செவிவழி அவளுக்கு டாக்டர்களின் நேரத்தை மளமளவென்று வாசிக்க, மறுபக்கம் அவள் அதை மடை திறந்தாற்போல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"வாங்க சார். பக்கத்தை முடக்கிட்டாங்களாமே? யூசர் குரூப்ல ஒரே புலம்பல்."

"ஆமாம்மா. பேசிண்டிருக்கோம்."

"சீக்கிரம் பேசுங்க. தை மாசத்துலேர்ந்து என்கொயரி முழுக்க என் பொறுப்புன்னு மேடம் சொல்லியிருக்காங்க. எனக்குக் கீழ ரெண்டு பேரு! எங்கம்மாகிட்டச் சொன்னேன், நம்பவே மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டாள். "சார், நம்ம சொல்லெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

இதுதான் கேட்கவேண்டிய இடம். வக்கீல் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. ஹ்ருஷிகேஷ் அவள் முகத்தைப் பார்த்தார். இந்தச் சந்தோஷத்தில் போய் கோர்ட்டு, எதிர்மனுதாரர் என்று கல்லைப் போட அவருக்கு மனம் வரவில்லை. அது இரக்கம் என்று அவர் நினைத்தார். பாதி இரக்கம்தான். மீதி, அவள் ஏதாவது கேட்டுவிட்டால் தன்னிடம் பதில் இல்லை என்ற பயம்.

"இருக்கும்மா. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

வைகுண்ட ஏகாதசி கழிந்த மூன்றாம் நாள் சமாதானப் பேச்சு. கன்டோன்மென்டில் ஒரு ஹோட்டலின் சின்ன அறை. நாதமொழி சார்பில் யாழினி என்ற இளம் வக்கீல் வந்திருந்தாள். குரலை உயர்த்தாமல், தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

"நாதமொழியில யாரைக் கேட்டு சார் இதைச் சேர்த்தீங்க?"

"நன்றி போட்டிருக்கேனேம்மா" என்றார் ஹ்ருஷிகேஷ். சொல்லும்போதே அது அந்த அறையில் எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. யாழினி சிரிக்கவில்லை.

"நான் கேட்டது அதில்லை சார். யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

அதற்குமேல் பேச்சு சுலபமாகவே போயிற்று. நஷ்ட ஈடு வேண்டாம். உச்சரிப்புக் கோப்பையும் அதில் செய்த எல்லாத் திருத்தங்களையும் ஒப்படைத்துவிட வேண்டும். கையில் இருக்கிற பிரதிகளை அழிக்க வேண்டும், மற்றவர்களையும் அழிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும். மிச்ச செவிவழி அவருக்கே. யாழினி ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"திருத்தங்கள் பதினோராயிரத்துக்கு மேல இருக்கு. எங்க ஆட்கள் பார்த்துட்டு அசந்துபோயிட்டாங்க, அவ்வளவு நல்லா இருக்கு. இதெல்லாம் யார் செஞ்சது சார்? எல்லாம் நீங்கதானா, இல்ல வேற யாராவது இருக்காங்களா?"

சுக்கூர் அவர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "அந்தப் பொண்ணைக் கேட்டுட்டீங்கள்ல?"

ஹ்ருஷிகேஷ் ஆமென்று தலையாட்டினார். பிறகு யாழினியைப் பார்த்து, "நான்தான். நான் ஒருத்தன்தான்" என்றார்.

சொன்னதும், ஒரு பெண்ணை வழக்கிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் தன்னைப் பெரிய தியாகி என்றுதான் மனுஷர் நினைத்துக்கொண்டார். திருத்தங்கள் அனைத்தையும் நான் ஒருவனே செய்தேன், இவற்றில் வேறு எவருக்கும் உரிமை இல்லை என்ற வாக்குமூலத்தைக் காட்டினார்கள். நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார். தன்னுடைய செவிவழி தன்னிடமே இருக்கிறது, போனது அவளுடையது மட்டும்தான் என்பது காவிரிப் பாலத்தில் பஸ் திரும்பும்போதுதான் அவர் புத்தியில் மெதுவாக ஏறியது. ஏறியதை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். வீட்டில் மாலினி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டதற்கு முடிந்தது என்றார்.

கடிதங்கள் போயின. மருத்துவமனைக்கும் ஒன்று போயிற்று. சட்டச் சிக்கல் உள்ள மென்பொருள் என்று படித்ததும் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த நவநீதன் ஒரு மணி நேரத்தில் செவிவழியின் குரலை எடுத்துவிட்டான். அவன் வேலையை அவன் செய்தான். மறுநாள் காலையிலிருந்து அமலராணியின் காதில் பழைய தகர டப்பாக் குரல் வாசித்தது. த சாய்கோடு பெ. பத்து புள்ளி மூன்று பூஜ்யம்.

பொங்கல் கழிந்து பத்து நாள்வரை ஹ்ருஷிகேஷ் அவளுடைய அழைப்புகளை எடுக்கவில்லை. வகுப்பு, மலர் வேலை, ஜலதோஷம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இனித் தப்ப முடியாது என்று ஆனபிறகு, தில்லைநகருக்குப் போனார்.

வரவேற்பு மேஜையில் வேறொரு பெண் இருந்தாள். அமலராணி பின்பக்கம் ரெக்கார்ட் அறையில் இருப்பதாகச் சொன்னாள். ஜன்னல் இல்லாத அறை. தரையில் பழுப்பு அட்டைகள் அடுக்கியிருந்தன. அமலராணி ஸ்டூலில் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் மடித்து, நகத்தால் நீவி, ஃபைல் உறையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன் இல்லை.

"உட்காருங்க சார்" என்றாள். செருப்புச் சத்தம் அவளுக்கு மறக்கவில்லை. "அந்தக் குரல் படிச்சு முடிக்கிறதுக்குள்ள போன் பண்ணவங்க வெச்சிட்டுப் போயிடறாங்க. ஒரு வாரம் பார்த்தாங்க. மேடம் ரொம்ப நல்ல மாதிரிதான், வேலையை விட்டுத் தூக்கல. கொஞ்ச நாளைக்கு இதைப் பாரும்மான்னாங்க."

அவர் ஸ்டூல் தேடினார். இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"சார், குரல் போனாப் போகட்டும். வேற குரல் ஒண்ணு இலவசமா வந்திருக்காம், குரூப்ல சொன்னாங்க. கொஞ்சம் சுமார்தான். அதுல நம்ம சொல்லையெல்லாம் ஏத்திட்டா சரியாயிடும்ல? அதைக் கேட்கத்தான் உங்களுக்கு இத்தனை போன் போட்டேன்."

ஹ்ருஷிகேஷ் சொன்னார். சொற்களும் சேர்ந்து போய்விட்டன, ஒப்படைத்தாகிவிட்டது, இனி எதிலும் ஏற்றக் கூடாது. அவள் பெயரைச் சொன்னால் அவளையும் வழக்கில் இழுப்பார்கள் என்று, தான் ஒருவனே செய்ததாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் தரையிலிருந்த அட்டைகளைப் பார்த்தபடி சொன்னார். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று முடித்தார்.

அவள் கை மடிப்பிலேயே நின்றுவிட்டது.

"அவங்க கேட்டாங்களா சார்? யார் செஞ்சதுன்னு?"

"கேட்டா."

"என் பேரைச் சொல்லலாம்னு யாரும் சொல்லலையா?"

"வக்கீல் சொன்னார். ஆதாரம் இருந்தா தனியா பிரிச்சு வாங்கலாம்னார். ஆதாரந்தான் எதுவும் இல்லையேம்மா, எல்லாம் என் பேர்ல..."

அமலராணி குனிந்து, ஸ்டூலுக்கு அடியிலிருந்த கைப்பையை எடுத்தாள். உள்ளே துழாவி, ஜெபமாலைக்குக் கீழிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பென் டிரைவை வெளியே எடுத்தாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முதல்ல இதுலதான் சார் டைப் பண்ணுவேன். தப்பிருக்கான்னு கேட்டுப் பார்த்துட்டு அப்புறந்தான் உங்க அக்கவுண்ட்ல போடுவேன். எல்லா வாரமும் இருக்கு, தேதி போட்டு, தனித்தனியா. கரண்ட் போனா அழிஞ்சிடுமேன்னு பயந்துக்கிட்டு வெச்சது. இது ஆதாரம் இல்லையா?"

ஹ்ருஷிகேஷ் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானம் வரவேற்பு மேஜையில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இவள் இதே பையைத் திறந்து இதே பென் டிரைவை எடுத்து நீட்டியிருப்பாள்.

"கேஸ்ல என்னைச் சேர்த்திருந்தா சேர்த்திருக்கட்டும்" என்றாள் அமலராணி. குரலில் அழுகை இல்லை. "என் சொல்லுக்கு நான் போய் நின்னிருப்பேன். அதைக் குடுக்கறதுக்கு நீங்க யாரைக் கேட்டீங்க சார்?"

ஹோட்டல் அறையில் கேட்ட அதே கேள்வி. அங்கே யாரையும் கேட்கவில்லை என்று சொல்ல முடிந்தது அவரால்.

"இப்பவாவது வக்கீல்கிட்ட சொல்ல முடியுமா? நான் வரேன். திங்கக்கிழமை லீவு போடறேன்." பென் டிரைவை அவர் நின்ற திசையில் நீட்டினாள். கை நீட்டியபடியே இருந்தது.

பொய் வாக்குமூலம் கொடுத்தேன் என்று எழுதித் தரவேண்டும். நாதமொழி சும்மா விடாது, நஷ்ட ஈடு மறுபடி கிளம்பும். கல்லூரிக்குத் தெரியும். மீண்டு வந்த செவிவழி திரும்பவும் முடங்கும். இத்தனையும் ஹ்ருஷிகேஷின் மனத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. வெளியே மைக்கில் அந்தப் புதுப் பெண் யாரையோ கூப்பிட்டாள். பெயரைத் தப்பாகச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னாள்.

"பாக்கலாம்மா" என்றார்.

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? அமலராணி கையை மடக்கிக்கொண்டாள். பென் டிரைவை உறையில் போட்டாள், பையில் வைத்தாள், ஜிப்பை இழுத்தாள். அடுத்த அட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவர் இன்னும் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.